சுரங்கம் மூடினபிறகும் ஊதுற பாண்ட்

2010 ஜூலையில், வட இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்துக்குள் ஒரு படம் திரையிடப்பட்டது. அதில் கதை இல்லை, வசனம் இல்லை, விளக்கம் சொல்லுற குரலும் இல்லை. கறுப்பு வெள்ளையில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குற மனிசர், கரி வெட்டுற யந்திரங்கள், கழிவு மேட்டில் சறுக்கி விளையாடுற பிள்ளைகள், பொலிஸோடு மோதுற வேலைநிறுத்தக்காரர். இசை மட்டும் நேரடியாக வாசிக்கப்பட்டது. வாசித்தது ஒரு பிராஸ் பாண்ட். பேராலயத்தின் ஓர்கனும் அதோடு சேர்ந்துகொண்டது. படத்தின் கடைசிப் பகுதியில் பெரிய சனக்கூட்டம் ஒன்று பதாகைகளோடு ஊர்வலமாக வந்து ஒரு பேராலயத்துக்குள் நுழையும். பார்வையாளர்கள் அந்த நேரம் இருந்ததும் அதே பேராலயத்துக்குள்தான்.

படத்தின் பெயர் 'த மைனர்ஸ் ஹிம்ஸ்', சுரங்கத் தொழிலாளரின் கீதங்கள். படத்தை ஆக்கியவர் அமெரிக்கரான பில் மொரிசன். பழைய, சிதைஞ்சுபோன படச்சுருள்களை வைத்து 'டெகேசியா' என்ற படத்தைச் செய்தவர் அவர்தான். இசை ஐஸ்லாந்துக்காரரான யோஹான் யோஹான்சனுடையது. பெயர் தெரியாவிட்டாலும் உங்களில் கனபேர் அவருடைய இசையைக் கேட்டிருப்பீங்கள். 'த தியரி ஒஃப் எவ்ரிதிங்', 'சிகாரியோ', 'அரைவல்' எல்லாம் அவர் இசையமைத்த படங்கள். (ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வைக்கிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. 'யோஹான்சன்' எண்டால் யோஹானின் மகன், அவ்வளவுதான். தகப்பன்ர பெயரோடு திரியுற எங்களுக்கு இது புதினமில்லை. அங்க முதற்பெயரால்தான் கூப்பிடுவினம் என்பதால் நானும் இனி யோஹான் என்றே எழுதுறன்.)

ஒரு ஐஸ்லாந்துக்காரர், ஒரு அமெரிக்கர். இரண்டு பேருமே டர்ஹாமில் பிறந்தவர்கள் இல்லை. அப்படியான இருவர் வந்து, சுரங்கம் மூடி 17 வருசத்துக்குப் பிறகு, அந்தச் சனத்தின் துக்கத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டுறது எப்படிச் சரியாகும்? என்னுடைய பதிலில் பெரும்பங்கு யோஹானைப் பற்றியதில்லை, அந்த பாண்டைப் பற்றியது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேணும்.

எங்கட பக்கம் பாண்ட் எண்டால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிதான் ஞாபகம் வரும். இல்லாட்டி பிரதம விருந்தினரை வாசலில இருந்து மேடை வரைக்கும் கூட்டிக்கொண்டு வாறது. ஓ.எல். வந்ததும் வீட்டில சொல்லி நிப்பாட்டிவிடுவினம். வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிராஸ் பாண்ட் என்பது வேறு விஷயம். அது ஊருடையது. தகப்பன் ஊதின யூஃபோனியத்தை மகன் ஊதுவான்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இந்த பாண்டுகள் பெருகின. அதற்கு முக்கியமான காரணம் ஒரு தொழில்நுட்பம்: வால்வு. அடோல்ஃப் சக்ஸ் 1840களில் உருவாக்கிய சக்ஸ்ஹோர்ன் குடும்பத்து வாத்தியங்களில் சின்னதில் இருந்து பெரியது வரைக்கும் அநேகமாக மூன்று வால்வுகள், ஒரே மாதிரியான விரல் வைப்பு. அதோடு பிராஸ் பாண்டில் பேஸ் ட்ரொம்போனைத் தவிர மிச்ச எல்லா ஊது வாத்தியத்துக்கும் ஒரே வகைக் குறியீட்டில்தான் இசை எழுதுவார்கள். கோர்னெட் பழகின ஒருவர் நாளைக்கு டெனர் ஹோர்ன்காரர் வராவிட்டால் அந்த இடத்தில் போய் இருக்கலாம், திரும்பவும் முதலில் இருந்து படிக்கத் தேவையில்லை. பகல் முழுக்கக் கரி வெட்டின, தடிச்சுப்போன விரல்களுக்கு வயலின் கம்பியை விட மூன்று வால்வுகள் தோதானவை என்றும் சொல்வார்கள்.

வாத்தியங்களுக்குக் காசு எங்கால? சில இடங்களில் முதலாளி குடுத்தார், தன்ர பெயர் பரவும், தொழிலாளர் சாராயக்கடைப் பக்கம் போகாமல் இருப்பினம் எண்டு. கனக்க இடங்களில் தொழிலாளர் தங்கட கூலியில் இருந்து கிழமைக்குக் கிழமை ஒரு சின்னத் தொகையைக் கழித்துக் குடுத்தார்கள். பாண்டில் இல்லாதவர்களும் குடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும் என்று நினைக்கிறன். கூலியில் கழித்து வாங்கின கோர்னெட் வாசிக்கிறவருக்கு மட்டும் சொந்தமில்லை.

இனி டர்ஹாம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். அவர்களுடைய சங்கமான டர்ஹாம் மைனர்ஸ் அசோசியேஷன் 1869இல் தொடங்கியது. இரண்டு வருசம் கழித்து, 1871இல், சங்கம் ஒரு பெரிய கூட்டத்தை நடத்தியது. அதுதான் டர்ஹாம் மைனர்ஸ் காலா. உள்ளூர்ச் சனம் 'பிக் மீட்டிங்' என்று சொல்லும். ஒவ்வொரு ஜூலையும் இரண்டாவது சனிக்கிழமை, ஒவ்வொரு சுரங்கத்தின் ஆட்களும் தங்கள் பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு, தங்கள் பாண்டுக்குப் பின்னால், நகரத்துக்குள் நடந்து வருவார்கள். கவுண்டி ஹொட்டேலின் பல்கனியில் சங்கத் தலைவர்களும் விருந்தினர்களும் நிற்பார்கள். ஒவ்வொரு பாண்டும் அந்த இடத்தில் நின்று தனக்கு விருப்பமான ஒன்றை வாசித்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போகும். அந்த வருசம் ஒரு சுரங்கத்தில் யாராவது விபத்தில் செத்திருந்தால் அந்தப் பதாகையின் மேல் கறுப்புத் துணி கட்டியிருக்கும். கறுப்புத் துணி வந்தால் தெருவோரச் சனம் அமைதியாகிவிடும்.

பின்னேரம் பேராலயத்தில் ஆராதனை. புதுப் பதாகைகளை ஆசீர்வதிப்பதும் அங்கேதான். ஆனால் பேராலயத்துக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் இருந்தது சும்மா பக்தி உறவு எண்டு நினைக்காதீங்கோ. டர்ஹாம் பேராலய நிர்வாகமே அந்த மாவட்டத்தில் நிலக்கரி உரிமைப் பணம் வாங்கின பெரிய நிலவுடைமையாளர்களில் ஒன்று. ஃபெரிஹில்லில் ஒரு சுரங்கத்துக்கு அந்த நிர்வாகத்தின் பெயரே இருந்தது. 1925 காலாவில் பேராலயத்தின் டீன் வெல்டனைக் கண்ட தொழிலாளர் கூட்டம், அவரை ஆயர் ஹென்சன் என்று பிழையாக நினைத்து ஆற்றுக்குள் தள்ளப் பார்த்தது. தொழிற்சங்கங்களை ஹென்சன் கடுமையாகத் தாக்கிப் பேசிவந்த கோபம். டீனை ஒரு படகில் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். (வாசிக்கேக்க சிரிப்பு வந்தது. ஆள் மாறிப்போனாலும் கோபம் மாறவில்லை.) 1947இல் அதே பேராலயத்துக்குள் சுரங்கத் தொழிலாளருக்கான நினைவிடம் ஒன்று வைக்கப்பட்டது. 2010இல் யோஹானின் இசை ஒலித்த கட்டடத்துக்கு இவ்வளவு வரலாறும் இருக்கிறது.

படத்தின் பெயரும் சும்மா வந்ததில்லை. 1934 செப்டெம்பர் 22, வட வேல்ஸில் கிரெஸ்ஃபர்ட் சுரங்கத்தில் வெடிப்பு. 266 பேர் செத்தார்கள். உள்ளே தீ அடங்காததால் சுரங்கத்தின் அந்தப் பகுதியை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லா உடல்களும் உள்ளேயே போய்விட்டன. உடல் கிடைக்காத துக்கம் என்ன மாதிரியானது என்று இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. டர்ஹாம் மாவட்டத்து ஹெபர்னைச் சேர்ந்த ரொபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அவர்களுக்காக ஒரு மெட்டு எழுதினார். 'கிரெஸ்ஃபர்ட்' என்பது அதன் பெயர். 'மைனர்ஸ் ஹிம்' என்பது சனம் அதைச் சொல்லுற பெயர். 1938 காலாவில் முதல்தரம் வாசிக்கப்பட்டது. அதன் விசேஷம், பாட்டு என்று சொன்னாலும் பாட்டு வரி இல்லாமலேயே அது வாழ்ந்தது. பாண்ட் வாசிக்கும், சனம் தொப்பியைக் கழட்டிவிட்டுக் கேட்கும். இன்றுவரைக்கும் காலா மைதானத்தில் அது வாசிக்கப்படுகிறது.

1984க்கு வருவோம். நிலக்கரிச் சபை 20 சுரங்கங்களை மூடப்போவதாகவும் 20,000 வேலைகள் போகும் என்றும் அறிவித்தது. மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வருசம் நீடித்தது. மார்கரெட் தட்சரின் அரசாங்கத்துக்கு இது நிலக்கரிப் பிரச்சினை மட்டுமில்லை, நாட்டின் பலமான தொழிற்சங்கத்தை முறிக்கிற சந்தர்ப்பம். டர்ஹாமின் ஈசிங்டனில் ஒரேயொரு ஆளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்காக அந்தச் சின்ன ஊரைப் பொலிஸ் நிரப்பியது. (1951இல் 83 பேரைப் பலிகொண்ட ஊர் அது. 'பிலி எலியட்' படத்தில் வருகிற தெருக்களும் அங்கே எடுத்தவைதான்.) பெண்கள் பொதுச் சமையல் நடத்தினார்கள், காசு சேர்த்தார்கள், மறியலிலும் நின்றார்கள். 1842இல் இருந்து சட்டப்படி நிலத்துக்குக் கீழே வேலை செய்ய அனுமதிக்கப்படாத பெண்கள், அந்த ஒரு வருசம் மேலே எல்லாவற்றையும் தாங்கினார்கள்.

தோற்றார்கள். 1985 மார்ச் 5, எந்த உடன்பாடும் இல்லாமல் வேலைக்குத் திரும்பினார்கள். எப்படித் திரும்பினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பல ஊர்களில் பதாகையைத் தூக்கிக்கொண்டு, பாண்ட் முன்னால் வாசிக்க, வரிசையாக நடந்து போனார்கள். தோற்றவனுக்கு யார் பாண்ட் அடிக்கிறது? எங்கட ஊரில வென்றவனுக்குத்தான் அடிப்பம். அங்கே பாண்ட் வெற்றிக்காக வாங்கினதில்லை. கூலியில் கழித்து வாங்கினது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வரத்தான் வேணும்.

அதற்குப் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. டர்ஹாம் நிலக்கரிப் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கமான வேர்மவுத் 1993 டிசெம்பரில் மூடியது. அந்த இடத்தில் இப்போது சண்டர்லண்ட் உதைபந்தாட்ட அணியின் 'ஸ்டேடியம் ஒஃப் லைட்' நிற்கிறது. சுரங்கத் தொழிலாளியின் விளக்கை நினைத்து வைத்த பெயர் அது. அங்கே பிரீமியர் லீக் பார்த்த எங்கட பெடியளில் எத்தினை பேருக்கு இது தெரியுமோ தெரியாது.

இதே காலத்தில் யோர்க்‌ஷயரின் கிரைம்தோர்ப்பில் நடந்தது கனபேருக்குத் தெரிந்த கதை. 1992 ஒக்டோபரில் 31 சுரங்கங்களை மூடுகிற அறிவிப்பு வந்தது, கிரைம்தோர்ப்பும் அதில் ஒன்று. சில நாட்களில் அந்தச் சுரங்கத்தின் பாண்ட் லண்டன் ரோயல் அல்பர்ட் ஹோலில் தேசியப் போட்டியை வென்றது. 1996இல் வந்த 'பிராஸ்ட் ஒஃப்' படம் அதை வைத்து எழுதப்பட்டது. படத்துக்கு வாசித்ததும் அதே பாண்ட்தான். அந்தப் படத்தில் பாண்ட் தலைவருக்கு நெஞ்சுக்குள் கரித்தூசு. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. பித்தளை வாத்தியம் மூச்சால் வாழ்கிறது. சுரங்கம் முதலில் பறிக்கிறதும் மூச்சைத்தான். ஒரு கிழவர் நீளமான ஒரு சுரத்தைக் கடைசிவரைக்கும் பிடிக்கிறார் எண்டால், அந்தச் சுரத்துக்குள் அவர் எத்தினை வருசம் கீழே இருந்தார் எண்ட கணக்கும் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் யோஹானின் இசை எனக்கு வேறமாதிரிக் கேட்டது. முதல் தரம் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், மெதுவாக இருக்குது எண்டுதான் பட்டது. நீண்ட சுரங்கள். ஓர்கனின் அடியில் இருந்து ஏதோ எழும்பிவரும், அதற்கு மேல் பித்தளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும், திரும்பவும் அடங்கும். பாண்ட் இசையின் வழக்கமான வேகமும் வித்தை காட்டுறதும் இல்லை. போட்டிகளில் வளர்ந்த பாண்டுகளுக்கு வேகமான, சிக்கலான துண்டுகள் கைவந்தவை. யோஹான் அதையெல்லாம் விட்டுவிட்டு அவர்களிடம் மூச்சை மட்டும் கேட்டார். பித்தளையோடு அவருக்கு இது முதல் பழக்கமும் இல்லை. ரெய்க்யாவிக்கின் ஹல்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தில் பித்தளை வாத்தியங்களுக்கும் ஓர்கனுக்குமாக ஒரு நீண்ட துண்டை முன்பே செய்திருந்தார். பெரிய கல் கட்டடம் ஒன்றில் ஒரு சுரம் எவ்வளவு நேரம் தங்கும் என்பது அவருக்குத் தெரியும். 2011இல் வந்த அல்பமும் டர்ஹாம் பேராலயத்துக்குள் பதிவானதுதான்.

ஆறு பகுதிகளின் தலைப்புகளைப் பாருங்கோ. ஒருவருக்கு இழைக்கிற தீங்கு எல்லாருக்குமான கவலை. உழைப்பின் இலட்சியமே உலகத்தின் நம்பிக்கை. இறந்தும் அவர்கள் பேசுகிறார்கள். பதாகைகளில் தைக்கிற வகை வசனங்கள், சங்கத்தின் மொழி. பாட்டு வரி இல்லாத இசைக்கு இந்தத் தலைப்புகள்தான் வாய். கடைசிப் பகுதியில் இசை எழும்பி, விரிந்து, கிட்டத்தட்ட வெற்றி ஊர்வலம் மாதிரி ஆகும். திரையில் காலா. 1985இல் தோற்றவர்களுக்கு 2010இல் அப்படி ஒரு முடிவை எழுதினது பொய்யா? எனக்கு அப்படித் தெரியேல்லை. தோற்றுத் திரும்பின அன்றைக்கும் அவர்கள் பாண்டோடுதான் போனார்கள்.

ஆனாலும் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. மொரிசனின் படங்கள் அழகானவை, சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி அழகானவை. வண்ணத்தில் வருகிற பகுதிகளில் ஹெலிகொப்டரில் இருந்து பழைய சுரங்க இடங்களைக் காட்டுவார்: கார்த் தரிப்பிடம், செயற்கைப் பனிச்சறுக்குத் திடல், அந்த உதைபந்தாட்ட அரங்கம். யார் மூடினது, ஏன் மூடினது என்று படம் சொல்லாது. வரலாறு தெரியாத ஒருவர் பார்த்தால் சுரங்கங்கள் ஏதோ பருவம் மாறி உதிர்ந்த மாதிரி நினைக்கவும் கூடும். துக்கத்தை அழகாகச் செய்யும்போது கோபம் வழுவிப்போகிற ஆபத்து எப்போதும் இருக்கு. இது எங்களுக்கும் பொருந்தும். எங்கட நினைவுகூரல் குறும்படங்களில் ட்ரோன் ஷொட்டும் புல்லாங்குழலும் வருகிற இடங்களில் எனக்கு இதே பயம் வரும்.

இதற்கு மற்றப் பக்கமாக கவின் ஹிக்கின்ஸைச் சொல்லலாம். அவர் இங்கிலாந்தின் ஃபொரெஸ்ட் ஒஃப் டீன் என்ற பழைய சுரங்கப் பிரதேசத்தில், பாண்ட் வாசிக்கிற குடும்பத்தில் வளர்ந்த இசையமைப்பாளர். வேலைநிறுத்தம் முடிந்து 30 வருசம் ஆன 2015இல், ரம்பேர்ட் நடனக் குழுவுக்காக 'டார்க் ஆர்ட்டரிஸ்' என்ற துண்டை எழுதினார். வாசித்தது தென் வேல்ஸின் ட்ரெடேகர் பாண்ட். அதில் ஆத்திரமும் இருக்குது. 2022இல் அதே பாண்டை பிபிசி வேல்ஸ் தேசிய இசைக்குழுவோடு சேர்த்து, ப்ரொம்ஸ் விழாவில், ரோயல் அல்பர்ட் ஹோல் மேடையில் ஏற்றினார். பாண்டும் ஓர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில் இருக்கிறது சின்ன விஷயமில்லை. பாண்ட் எண்டால் பார்க்கில் வாசிக்கிறது, ஓர்கெஸ்ட்ரா எண்டால் 'உண்மையான' இசை என்ற வர்க்கக் கோடு பிரித்தானியாவில் நீண்டகாலம் இருந்தது. 1973இலேயே ஹரிசன் பர்ட்விசில் 'கிரைம்தோர்ப் ஆரியா' எழுதி அந்தக் கோட்டைத் தாண்டினவர். ஹிக்கின்ஸ் அந்தக் கோட்டின் கீழ்ப்பக்கத்தில் பிறந்தவர் என்பதுதான் வித்தியாசம்.

அதற்காக உள்ளே பிறந்தவன்தான் எழுதவேணும் எண்டு நான் சொல்ல வரேல்லை. யோஹான் வெளியாள், அது அவருக்கும் தெரிந்திருக்கும். வெளியாளாக அவர் செய்த சரியான காரியம், அந்த இசையை வாசிக்கிற பொறுப்பை அந்த மண்ணின் பாண்டிடம் குடுத்தது. 2010இல் வாசித்தது என்.ஏ.எஸ்.யு.டபிள்யு.டி. ரிவர்சைட் பாண்ட். பெயரைக் கேட்டால் ஏதோ கொம்பனி மாதிரி இருக்கும். அது உண்மையில் ஒரு ஆசிரியர் சங்கத்தின் பெயர். இந்த பாண்ட் 19ஆம் நூற்றாண்டில் டர்ஹாமின் பெல்டன் ஃபெல் சுரங்கத்து பாண்டாகத் தொடங்கினது. சுரங்கம் போனது, ஆதரவாளர்கள் மாறினார்கள், பெயர் மாறினது, கடைசியில் ஒரு ஆசிரியர் சங்கம் தாங்கிப் பிடித்தது. ஒரு தொழிலின் சங்கம் உருவாக்கின பாண்டை வேறொரு தொழிலின் சங்கம் எடுத்து வளர்த்தது.

காலாவும் அப்படித்தான். 1993க்குப் பிறகு இனி இது முடிஞ்சுது எண்டு கனபேர் சொன்னார்கள். நடந்தது மற்றமாதிரி. சுரங்கம் இல்லாத ஊர்கள் காசு சேர்த்து, பெட்டிக்குள் கிழிஞ்சு கிடந்த பதாகைகளைத் திருத்தின. சில ஊர்கள் புதிதாகவே செய்தன. ஒரு இலட்சத்துக்கும் மேல் சனம் வந்த வருசங்கள் உண்டு. தாதிமார், ஆசிரியர், தீயணைப்புப் படையினர் எல்லாரும் இப்போது தங்கள் சங்கப் பதாகைகளோடு வருகிறார்கள். நிலத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்காத பிள்ளைகள் கோர்னெட் ஊதிக்கொண்டு முன்னால் நடக்கிறார்கள், பெண்பிள்ளைகளும்தான்.

யோஹான் 2018 பெப்ரவரியில் பேர்லினில் காலமானார், 48 வயது. அவருக்கு வாசித்த அந்த பாண்ட் இப்போது ஆசிரியர் சங்கத்திடம் இல்லை. டர்ஹாம் மைனர்ஸ் அசோசியேஷன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மைனர் ஒருவருமே வேலையில் இல்லாத சங்கம், தன் பெயரில் ஒரு பாண்ட் வைத்திருக்கிறது. ஜூலை இரண்டாவது சனிக்கிழமை கவுண்டி ஹொட்டேல் வாசலில் அது நின்று வாசிக்கும். இணையத்தில் தேடினால் வீடியோக்கள் இருக்கு. 'கிரெஸ்ஃபர்ட்' வாசிக்கிறதைப் பார்க்கிறதெண்டால் ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கோ, போன் ஸ்பீக்கரில் அந்த டியூபா கேட்காது.